நெத்திலி ஓடையில் இரண்டு விரல்

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் தாலுக்கா ஆபீசிலிருந்து ஒருவர் படகுத்துறைக்கு வந்தார். படகோட்டிகள் ஒரு பக்கம், தூண்டில்காரர்கள் ஒரு பக்கமாக நின்றோம். பிப்ரவரி பத்தாம் தேதி தாசில்தார் அம்மா எங்கள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறாராம். அதுவரை ஓடையில் எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும், கைகலப்பு கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலக்கழி படகோட்டிகள் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சங்கத்துக்கென்று நீள நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். இந்த டைரி கூட்டுறவு பாங்கில் கொடுத்தது. முதலில் இதில் எழுதிப் பார்த்து, சரியாக வந்தால் அதில் ஏற்றலாம் என்று இருக்கிறேன்.

நடந்தது இதுதான். நேற்று காணும் பொங்கல். மேலக்கழிக்கு அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பதினான்கு மோட்டார் படகும் காலை எட்டு மணியிலிருந்து ஓய்வில்லாமல் ஓடின. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது நெத்திலி ஓடையைத்தான். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள், மேலே கிளையும் கிளையும் பின்னி, பகலிலேயே பச்சை நிழல். தூண்டில்காரர்களுக்கும் அந்த ஓடைதான் வேண்டும். மரத்தின் வேருக்கடியில்தான் கொடுவா மீன் தங்கும். ஓடையின் அகலமோ இரண்டு படகு உரசாமல் போக முடியாத அளவு.

மதியம் மூன்று மணி வாக்கில் சிங்காரம் அண்ணன் அங்கே வத்தையில், அவருடைய சின்னத் துடுப்புப் படகில், உட்கார்ந்து கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாராம். ஏதோ ஒரு படகின் மோட்டார் காத்தாடியில் அது மாட்டி, அவரைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எந்தப் படகு என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாப் படகுக்கும் ஒரே நீலம் அடித்திருக்கிறோம். அவர் தண்ணீரிலிருந்து எழுந்து பார்ப்பதற்குள் அது வளைவு திரும்பிவிட்டது.

நான் அந்த நேரத்தில் ஓடைக்கு வெளியே பெரிய கழியில் இருந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

இன்று சவாரி இல்லை. படகைக் கரையில் ஏற்றிக் கழுவினேன். லைப் ஜாக்கெட் பத்தையும் சோப்புப் போட்டுக் கொடியில் காயவைத்தேன். காத்தாடியில் வேர் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்துப் பக்கெட்டில் போட அரை மணி நேரம் ஆயிற்று.

சங்கத் தலைவர் ராஜவேலு மாமா வந்து பக்கத்தில் நின்றார். என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் முறை. நான் படகு ஓட்ட லைசென்ஸ் கேட்டபோது பொம்பளைக்கு எதற்கு என்று எல்லோரும் சொல்ல, இவர் ஒருவர்தான் கையெழுத்துப் போட்டார்.

"என்னாம்மா சுத்தியிருக்கு?"

"வேரு மாமா."

பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேருதான். எங்கியாவது ஆழமா பொதச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 21, புதன்

தூண்டில்காரர்கள் நெத்திலி ஓடையின் வாயில் மூங்கில் நட்டுவிட்டார்கள். முப்பது மூங்கிலாவது இருக்கும். வத்தை மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். சிங்காரம் அண்ணனின் தம்பி ஏழுமலை மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் படகைப் பார்த்துக் கத்தினான்.

"எந்தப் படகுன்னு சொல்லிட்டு உள்ள வாங்க. சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வரக் கூடாது!"

என் படகில் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. பெரிய கழியைச் சுற்றிக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விட்டேன். இது சங்க நோட்டில் ஏற வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. இரண்டு ஆடும் கழிச்சலில் கிடக்கின்றன. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நம் ஆட்கள் நான்கு பேர் விடியற்காலையில் போய் மூங்கிலைப் பிடுங்கிப் போட்டார்கள். பத்து மணிக்கு அதே இடத்தில் நைலான் கயிறு. தண்ணீருக்கு மேலே மூன்று முழ உயரத்தில், இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்குமாக. கயிறும் பச்சை, நிழலும் பச்சை. மணிவேலின் படகு தெரியாமல் நுழைந்துவிட்டது. போட்டோ எடுக்க எழுந்து நின்ற ஒரு பெரியவரின் கழுத்தில் பட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். பலகையில் இடித்துத் தலையில் ஆறு தையல். உயிருக்கு ஒன்றுமில்லை.

துறையில் ஒரே கூச்சல். ஏழுமலையைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. "நான் கட்டல சார், மூங்கில் மட்டும்தான் நட்டன்" என்று சொல்லிக்கொண்டே போனான். ஜீப்பில் ஏறும்போது எங்கள் பக்கம் திரும்பி, "அன்னிக்கே ஒருத்தன் ஆமாம்னு சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்று கேட்டான். நான் குனிந்து படகுக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

ஜனவரி 28, புதன்

சங்கக் கூட்டம். ஏழுமலையை மறுநாளே விட்டுவிட்டார்கள், ஆனால் வழக்கு இருக்கிறது. தாசில்தார் அம்மாவிடம் கொடுக்க மனு எழுத வேண்டும் என்று ராஜவேலு மாமா சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"சம்பவத்தன்று சிங்காரம் என்பவர் ஓடையின் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நரம்பைக் கட்டி வைத்திருந்தார். படகுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததால் ஏற்பட்ட காயத்துக்கு அவரே பொறுப்பு. ஆகவே நெத்திலி ஓடையில் தூண்டில் போடுவதை நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டுகிறோம்."

குறுக்கே கட்டியிருந்தாரா என்று கேட்டேன்.

"கட்டல. கட்டியிருந்தாருன்னு எழுது" என்றார் மாமா. பிறகு குரலைத் தணித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இது யாருக்காவன்னு நெனைக்கிற?" என்றார்.

எழுதி முடித்து, செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஜனவரி 29, வியாழன்

வெயில் அதிகம். சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

மத்தியானம் வேம்பு வந்தாள். சிங்காரம் அண்ணனின் பெண்டாட்டி. நானும் அவளும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அவள் இப்போது காட்டுத்தெரு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். படகு, தூண்டில் என்று தகராறு முற்றிய இந்த இரண்டு வருடமாக நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

உள்ளே வரச் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மீனவர் நலவாரியத்தில் விபத்து உதவி கேட்டு எழுத ஒரு படிவம் கொண்டுவந்திருந்தாள்.

"உன்ன மாதிரி எழுத எங்கள்ல யாருக்கும் வராது. எழுதித் தர்றியா?"

எழுதினேன். பெயர், வயது ஐம்பத்திரண்டு, தொழில். விபத்து நடந்த விதம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

"எழுது" என்றாள் வேம்பு. "வத்தையில உக்காந்து வேர் ஓரமா தூண்டில் போட்டிருந்தாரு. நரம்பு பத்து முழங்கூட வெளிய போவல. படகு ஓரத்தோட ஒரசிக்கிட்டு வந்துச்சி. அப்பிடியே எழுது."

அப்படியே எழுதினேன். நாலு நாளைக்கு முன்னால் அதே பேனாவால் வேறு மாதிரி எழுதினேன்.

போகும்போது சொன்னாள்: "நீ செயலாளரு. யாரு படகுன்னு உனக்குத் தெரியாம இருக்காது. போலீசுக்குப் போறதுக்குக் கேக்கல. எனக்குத் தெரியணும். தெனமும் துறையில பதினாலு பேரு மூஞ்சியப் பாக்கறன், ஒவ்வொருத்தன் மேலயும் காறித் துப்பத் தோணுது. அதுல பதிமூணு பேரு ஒன்னும் பண்ணாதவங்க."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

படிவத்தில் ஒரு இடத்தில் சிங்காரம் அண்ணனின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. நானே எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேம்பு மார்க்கெட்டிலிருந்து வரவில்லை. அவர் இடது கையால் நரம்பில் முள் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். வலது கையில் பெரிய கட்டு. நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முடிச்சு நழுவ நழுவத் திரும்பத் திரும்பக் கட்டினார். நான் வந்து நிற்பதை அப்புறம்தான் பார்த்தார்.

"வாம்மா. உக்காரு."

கையெழுத்துப் போட வரவில்லை. இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தேன். இவர் எட்டாவது பாஸ் செய்தவர். இதுவரை எங்கேயும் ரேகை வைத்ததில்லை.

"வலிக்குதா அண்ணே?"

"வலி பரவால்ல. படகு நின்னிருந்தா நடுவிரலாவது தப்பிச்சிருக்கும்னு டாக்டரு சொல்றாரு. நரம்பு இறுக்கனப்ப ஒரு விரல்தான் போச்சி. படகு போயிக்கிட்டே இருந்துச்சில்ல, அதுல இன்னொன்னு."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். டீ போடச் சொல்ல ஆள் இல்லையே என்று வருத்தப்பட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாம் தேதி ஆபீசில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"ராஜவேலு மாமாவுக்கு. இப்ப உங்களுக்கு."

"அஞ்சல, லைசென்ஸ் புடுங்கிடுவாங்க. பொம்பள ஓட்டனா இப்பிடித்தான்னு பேசுவாங்க. அதுக்காவே காத்திருக்கானுங்க பாதிப் பேரு."

"தெரியும்."

"நான் வேணாம்னு சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டன்."

"அப்ப எதுக்குக் கேட்டுக்கிட்டு" என்றார். வைக்கும்போது, "சாப்புடு மொதல்ல" என்றார்.

பிப்ரவரி 7, சனி

இதைச் சங்க நோட்டில் ஏற்றப்போவதில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

ஜனவரி 17 அன்று மதியம் மூன்று மணிக்கு நெத்திலி ஓடையில் போன படகு என்னுடையது. என் படகில் எட்டுப் பேர். கரையில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எதிரே ஒரு படகு வந்தது, அதற்கு வழி விட ஓரத்தில் ஒதுங்கினேன். வேகத்தைக் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை. மோட்டார் ஒரு உதறு உதறியது. வேர் என்று நினைத்தேன். வளைவு திரும்பிவிட்டேன்.

காத்தாடியில் இருந்தது வேர் இல்லை. பச்சை நரம்பு. பொட்டலமாகக் கட்டிக் கொல்லையில் புதைத்திருக்கிறேன். நரம்பை மட்டும்தான் புதைக்க முடிந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

ராஜவேலு மாமா வீட்டுக்குப் போய் நாளைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் வலை நாற்காலியில் சாய்ந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன் ஒருத்தியோட போவாது. பொய் மனு குடுத்தாங்கன்னு பதினாலு பேரையும் நிறுத்துவாங்க. பதினாலு குடும்பம்."

"மனு எழுதனது நான். சங்கம் தீர்மானம் போடலயே. கையெழுத்து என்னுது ஒன்னுதான். நான் எழுதனன்னு சொல்லிக்கிறன். உங்க பேர எடுக்க மாட்டன்."

"சொல்லிக் குடுத்தவன் நான். நீ மறைப்பியா எனக்காவ?"

"நீங்க எனக்காவ மறச்சீங்க மாமா. அதுக்கு இது சரியாப் போச்சி."

அத்தை மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"நாளைக்கு நீ வாயத் தொறந்தா, சாயங்காலமே உன்ன செயலாளர்லேருந்து எடுத்துடுவன். கோவத்துல இல்ல. எடுத்துத்தான் ஆவணும்."

"எடுங்க மாமா."

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். கொல்லையில் தோண்டி நரம்பை எடுத்துக் கழுவிப் பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

தாலுக்கா ஆபீஸ் மாடியில் நீள அறை. தூண்டில்காரர்கள் இருபது பேர் ஜன்னல் பக்கம். நாங்கள் கதவுப் பக்கம். தாசில்தார் அம்மா சின்ன வயது, ஒடிசலான ஆள், பேச்சில் மட்டும் கெட்டி. முதலில் எங்கள் மனுவை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "குறுக்கே நரம்பைக் கட்டி வைத்திருந்தார்" என்று வந்தபோது ஏழுமலை எழுந்தான். சிங்காரம் அண்ணன் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இது யார் எழுதியது?"

எழுந்து நின்றேன். "நான் மேடம். அஞ்சலாட்சி. சங்கச் செயலாளர். அதுல எழுதியிருக்கிறது பொய்."

தாசில்தார் அம்மா மனுவைக் கீழே வைத்தார். நான் நிறுத்தாமல் சொன்னேன்.

"அவரு நரம்பக் குறுக்க கட்டல. ஓரத்துலதான் போட்டிருந்தாரு. அன்னிக்கு அங்க போன படகு என்னுது. இது என் காத்தாடியிலேருந்து அறுத்தது." பையிலிருந்து நரம்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

தாசில்தார் அம்மா அதைப் பேனா நுனியால் விரித்துப் பார்த்தார்.

பின்னாலிருந்து எங்கள் ஆட்களில் ஒருவர், "இதுக்குத்தான் பொம்பளய உடக் கூடாதுன்னு சொன்னன்" என்றார். ராஜவேலு மாமா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே எழுந்து, "மேடம், மனுவ நான் சொல்லச் சொல்லத்தான் அது எழுதிச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்போதுதான் வேம்பு எழுந்தாள். தாசில்தார் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அவரு கத்தனது உன் காதுல உழுந்துச்சா?"

"மோட்டார் சத்தத்துல கேக்கல" என்றேன்.

அவள் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் உத்தரவு எழுதிவிட்டார்கள். என் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தி வைப்பு, காயத்துக்குத் தனியாக வழக்கு. மற்ற படகுகள் ஓடலாம். ஆனால் நெத்திலி ஓடைக்குள் யாரும் மோட்டார் போடக் கூடாது, துடுப்புதான். காலை ஒன்பது மணி வரை ஓடை தூண்டில்காரர்களுக்கு மட்டும். ஒன்பதுக்கு மேல் அவர்கள் மேலக்கரை ஓரமாக இருந்துகொள்ள வேண்டும். மூங்கில், கயிறு எதுவும் கூடாது.

இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். சிங்காரம் அண்ணன் இடது கையால் பெயரையே எழுதினார். கோணல்மாணலாக வந்தது. நேரம் எடுத்துக்கொண்டு எழுதி முடித்தார்.

பிப்ரவரி 11, புதன்

செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீள நோட்டைக் கொடுத்துவிட்டேன். படகைத் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

சிங்காரம் அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்றாம். நேற்று வத்தையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாராம். ஒரு கையால் துடுப்புப் போட்டால் வத்தை சுற்றுகிறது, துடுப்பை வைத்துவிட்டுத் தூண்டிலைப் பிடித்தால் நீரோட்டம் இழுக்கிறது. வெறுங்கையோடு திரும்பினாராம். ஏழுமலை தன் தூண்டிலை விட்டுவிட்டு இவருக்குத் துடுப்புப் போட முடியாது. வேம்பு விடியலில் மார்க்கெட் போயாக வேண்டும்.

எனக்கு மூன்று மாதம் வேலை இல்லை. இரண்டு கையும் இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

ஐந்து மணிக்கு அவர்கள் வத்தை கட்டுகிற இடத்தில் போய் நின்றேன். கையில் என் துடுப்பு. வேம்பு பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு வந்த?"

"தொடுப்புப் போட. லைசென்ஸ் வர வரைக்கும் தெனமும் வரன்."

"யாரு கேட்டா உன்ன? ஊரு பாக்கட்டும்னா? போ."

"ஒன்பது மணி வரைக்கும்தான் வேம்பு."

"போடி!" துடுப்பைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். அண்ணன் எதுவும் சொல்லாமல் வத்தையைத் தள்ளிக்கொண்டு போனார். வளைவில் அது இரண்டு முறை சுற்றியது.

துடுப்பை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போனேன். அவர்கள் என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

போனேன். ஏழுமலை, "வெக்கமா இல்லியா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

நேற்றும் இன்றும் போனேன். ஆடு ஒன்று குட்டி போட்டது. பெண் குட்டி.

பிப்ரவரி 20, வெள்ளி

மழை. போனேன். அவர்கள் வரவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று பத்தாவது நாள். வேம்பு என்னைத் தாண்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். அண்ணன் வத்தையை அவிழ்த்தார். ஏறி முன்பக்கம் உட்கார்ந்தார், எனக்கு முதுகைக் காட்டி. தள்ளவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடிப்போய் ஏறினேன்.

நான்கு மணி நேரத்தில் அவர் சொன்ன சொற்கள்: "எடப்பக்கம்." "நில்லு." "மெதுவா." கிடைத்த மீன்: மடவை மூன்று, கெளுத்தி ஒன்று.

மார்ச் 3, செவ்வாய்

வேரிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், நீரோட்டத்தில் துடுப்பை எப்படி அசையாமல் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. பதினோரு வருடம் இதே ஓடையில் படகு ஓட்டியிருக்கிறேன். ஒருநாளும் இதன் அடியில் என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை. மோட்டார் படகு பெரிய கழியில் போனாலே அலை இங்கே வரை வந்து அடிக்கிறது. அதன் பிறகு அரை மணி நேரம் ஒரு மீனும் தொடாது. அண்ணன் எதுவும் சொல்லாமல் நரம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இத்தனை வருடமாக இப்படித்தான் காத்திருந்திருக்கிறார்கள்.

நரம்பை இப்போது கையில் சுற்றுவதில்லை. கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் பிடிக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

கொடுவா. நான்கு கிலோ இருக்கும். அரை மணி நேரம் இழுபறி. அவர் நரம்பை விட்டு விட்டுப் பிடிக்க, மீன் போகிற பக்கமெல்லாம் நான் வத்தையைத் திருப்பினேன். வத்தைக்குள் விழுந்ததும் சிரித்துவிட்டார். உடனே என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 14, சனி

எட்டே கால் மணி இருக்கும். ஓடைக்குள் மோட்டார் சத்தம். ராஜவேலு மாமா படகு, பத்துப் பன்னிரண்டு பேரோடு. தூண்டில் வத்தைகள் ஏழு இருந்தன. எல்லோரும் அவசர அவசரமாக நரம்பைச் சுருட்டினார்கள்.

நான் எங்கள் வத்தையை ஓடைக்குக் குறுக்கே திருப்பினேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை. மாமா பத்தடி தள்ளி வந்து நிறுத்தினார். மோட்டார் புகைந்துகொண்டிருந்தது.

"வழிய உடு அஞ்சல. டெல்லியிலேருந்து வந்தவங்க. ரயிலப் புடிக்கணும்."

"ஒன்பது ஆவல மாமா. மோட்டாரும் கூடாது."

"எனக்கே சட்டம் சொல்றியா?"

"நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

படகிலிருந்தவர்கள் என்ன என்று இந்தியில் கேட்டார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் நகரவில்லை. என் லைசென்ஸ் திரும்பிவர அவர் சிபாரிசும் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கடைசியில் மோட்டாரை அணைத்தார். துடுப்பை எடுத்து, பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வெளியே போனார். வயதான கை. வளைவைத் தாண்ட வெகுநேரம் பிடித்தது. போய் உதவலாமா என்று இருந்தது. போகவில்லை.

ஏழுமலை தன் வத்தையிலிருந்து, "அக்கா, டீ இருக்கு, குடிக்கிறியா?" என்று பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினான்.

மார்ச் 22, ஞாயிறு

எங்கள் தூண்டிலை இன்று மீன் தொடவே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அண்ணன் திரும்பி, என்னைப் பார்த்து உட்கார்ந்தார். இந்த ஒரு மாதத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை.

"ஒன்னு கேக்கறன். ஆபீசுல வேம்பு கேட்டாளே, அதையே நான் கேக்கறன். என் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

துடுப்பு கையிலேயே நின்றது. இல்லை என்று ஒருமுறை சொல்லியாயிற்று. இந்த டைரியில்கூட அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

"கேட்டுச்சி அண்ணே."

"என்னான்னு?"

"நிறுத்துன்னு. ரெண்டு தடவ."

"மூணு தடவ" என்றார்.

"எப்பவும் போலத் திட்டறீங்கன்னு நெனைச்சன்."

"மொத தடவ அப்பிடி நெனைச்சிருக்கலாம்."

கரையில் நாற்பது பேர் நின்றார்கள் என்று சொல்லலாம். அதைச் சொல்லவா அவரிடம்?

"கரைக்கு உடு" என்றார்.

ஒன்பது அடிக்கவில்லை. விட்டேன். வத்தையைக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேம்பு பிந்திக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏழுமலையின் மீனையெல்லாம் கூடையில் அடுக்கி, ஐஸ் போட்டு, ஈரச் சாக்கால் மூடினாள். நான் துடுப்பை வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"வேம்பு. அன்னிக்கு ஆபீசுல பொய் சொல்லிட்டன். எனக்குக் கேட்டுச்சி."

அவள் சாக்கின் ஓரத்தைச் செருகிக்கொண்டே இருந்தாள். நான்கு பக்கமும் செருகினாள்.

"தெரியும்" என்றாள்.

பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"நிக்கிறியே. அந்தப் பக்கம் புடி. தூக்கி உடு."

தூக்கிவிட்டேன். கனமான கூடை. அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

நாளை ஓடையில் நீர் ஏற்றம் காலை ஆறு மணிக்கு. ஐந்துக்கே போய் நிற்க வேண்டும். அண்ணன் ஏறுகிறாரோ இல்லையோ.